ஊருக்கு ரெண்டு நடனம்

— ஒரு மணி நேரம் தர்றேன், வெர்டெல் டீச்சர். முதல் ஒரு மணி நேரம் வெள்ளைக்காரப் புள்ளைங்க, கறுப்புப் புள்ளைங்க எல்லாம் இந்த ஸ்கூல் ஜிம்லயே ஒண்ணா ஆடட்டும். போட்டோ எடுத்துக்குங்க, பேப்பர்ல போட்டுக்குங்க. அப்புறம் எங்க வெள்ளைக்காரப் புள்ளைங்க மட்டும் கிளம்பி எங்க கிளப்புக்கு வந்துடும். நியாயமான பேச்சுதானே?

— ராய்ஸ், இது உங்க கடை சோபா இல்ல.

— சோபான்னா இவ்வளவு இறங்கி வந்திருப்பேனா? சரி, நம்மளுக்குள்ள இருக்கட்டும், ஒன்றரை மணி நேரம். வறுத்த கோழியும் ஐஸ் டீயும் எங்க பொறுப்பு. இதுக்குமேல கேட்டா நான் கடையைப் பூட்டிட்டு உங்ககிட்ட பாடம் படிக்கத்தான் வரணும்.

— நாம படிச்ச காலத்துலேருந்து இந்த ஊர்ல கடைசி வருஷப் புள்ளைங்களுக்கு வெள்ளைக்கு ஒண்ணு, கறுப்புக்கு ஒண்ணுன்னு ரெண்டு நடனம். இந்த சனிக்கிழமை ஒண்ணே ஒண்ணு. பாதியில எழுந்து போனா அதுக்குப் பேரு ரெண்டுதான்.

— ரெண்டு ஸ்கூலையும் ஒண்ணாக்கின வருஷம் ஞாபகம் இருக்கா டீச்சர்?

— மறக்குமா? கோர்ட் சொல்லி, கறுப்பு ஸ்கூல்லேருந்து உங்க வகுப்புக்கு வந்தேன். எனக்கு முன் பெஞ்சுல நீங்க. ஒரு தடவைகூடத் திரும்பல. வருஷம் பூரா உங்க முதுகைத்தான் படிச்சேன்.

— அப்ப நல்ல முதுகு. இப்ப டாக்டர் குனியக் கூடாதுங்கறார்.

— பெஞ்சுல ஒண்ணா உக்கார வெச்சது கோர்ட்டு. ஆட வெச்சிடப் போகுதேன்னு பயந்து, ஸ்கூல் இனிமே நடனமே நடத்தாதுன்னு முடிச்சிட்டாங்க ஊர்ப் பெரிய மனுசங்க. பெத்தவங்க தனித்தனியா நடத்திக்கிட்டாங்க. உங்களுக்கு கிளப். எங்களுக்கு சர்ச்சுக்குப் பின்னாடி ஹால்.

— பாட்டு உங்க ஹால்லதான் நல்லாருக்கும். நாங்க காரை ஓரமா நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேப்போம்.

— உள்ள வரணும்னு தோணலையா?

— எங்கப்பாவோட பெல்ட் ஞாபகம் வந்துடும்.

— இப்ப அந்த அப்பா நீங்க.

— அடிங்க, நல்லா அடிங்க. ரெண்டு மணி நேரம், டீச்சரம்மா. முடிவான பேச்சு.

— உங்களை யார் அனுப்பினாங்க?

— பெற்றோர் கமிட்டி. தலைவர் நான்தானே, என்னை நானே அனுப்பிக்கிட்டேன்.

— நான் வகுப்புல நடத்தின நாவலைப் படிச்சீங்களா?

— படிச்சேன். விலைபோகாத சோபா ஒண்ணு கிடக்கு, அதுலதான் படுத்துக்கிட்டு. அந்தக் கதையில, கறுப்புப் புள்ளைங்க இறங்கிடக் கூடாதுன்னு ஊரே லாரி லாரியா மண்ணைக் கொட்டி நீச்சல் குளத்தை மூடுது. இந்த ஜார்ஜியா வெயில்ல அவனுங்க புள்ளைங்களுக்கும்தான் குளம் இல்ல. இப்படி நஷ்டத்துக்கு வியாபாரம் பண்றவனை நான் சந்தையில பாத்ததில்ல.

— அந்தப் பக்கத்தை உங்க பொண்ணு கெண்ட்ராதான் வகுப்புல சத்தமா வாசிச்சா. பாதியில முடியல, புத்தகத்தைக் கவுத்துட்டு அழுதுட்டா. எங்க பக்கத்துப் பையன் டைரீஸ் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். நான் வாத்தியாரானதுக்கு அன்னிக்குத்தான் பலன்னு நினைச்சேன். பின் பெஞ்சுலேருந்து ஒருத்தி கேட்டா, நம்ம ஊர் நடனமும் அந்தக் குளம் மாதிரிதானே மிஸ்னு. ஒரே நடனம் வேணும்கறவங்க கை தூக்குங்கன்னேன். எல்லாக் கையும் மேல. முதல் கை கெண்ட்ராவோடது.

— தூக்கினாளா.

— ஏன், வீட்ல சொல்லலையா?

— சொன்னா, சொன்னா. பிரின்சிபாலுக்கு நீங்க என்ன வாக்கு கொடுத்திருக்கீங்க?

— வெள்ளைக்காரப் புள்ளைங்க வரலன்னா அந்த நாவல் இனி பாடத்துல இல்ல, நானும் இந்த ஸ்கூல்ல இல்லன்னு. உடனே சரின்னுட்டார். மனுசன் எதுக்கும் அவ்வளவு சீக்கிரம் சரின்னதில்ல.

— இப்படியா பேரம் பேசுவாங்க? கையில இருக்கறதையெல்லாம் முதல் பேச்சுலயே மேஜைமேல கொட்டிட்டீங்களே.

— எனக்குப் பேரம் வராது. கெஞ்ச வரும்னு இந்த வாரம்தான் தெரிஞ்சுது. வீடு வீடாப் போனேன், ராய்ஸ். ஒரு வீட்ல வாசப்படியிலயே நிக்கவெச்சு டீ கொடுத்தாங்க. இன்னொரு வீட்ல நாயைக் கட்டாம பேசினாங்க. எல்லா வாயிலயும் ஒரே பேச்சு. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல, கமிட்டிதான் சம்மதிக்கலயாம். கமிட்டின்னா நீங்க.

— ஆமா, நான்தான். ராய்ஸ் கல்பெப்பர் கெடுத்தான்னு ஊர் பூரா சொல்லுங்க. சர்ச்சுல சொல்லுங்க. தாங்கிக்கிறேன்.

— பழியை ஏன் இவ்வளவு ஆசையா வாங்கிக்கறீங்க?

— சல்லிசாக் கிடைக்குது.

— விளையாடாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் எங்க புள்ளைங்க கோட்டும் சூட்டுமா அந்த ஜிம்ல நின்னு கதவையே பாத்துக்கிட்டு இருக்கும். நிச்சயமா வருவாங்களா மிஸ்னு டைரீஸ் கேட்டான். நிச்சயம்னேன். அவங்கம்மா அவனுக்குக் கோட்டு தைக்கறா, தினம் வேலை முடிஞ்சு வந்து. யாரும் வரலன்னா அவன் மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது? புத்தகத்துல படிச்சதை நேர்லயும் காட்டிட்டாங்க மிஸ்னு சொல்லிடுவான்.

— அதனாலதான் ரெண்டு மணி நேரம்ங்கறேன். நான் கொஞ்சம் கண்டிச்சுச் சொன்னா வந்துடுவாங்க.

— யாரைக் கண்டிச்சு?

— பெத்தவங்களைத்தான். வேற யாரை?

— எனக்கு மணி நேரமெல்லாம் வேண்டாம். கெண்ட்ராவை மட்டும் விடுங்க. அவ ஒருத்தி உள்ள வந்தா மத்தவங்க பின்னாலயே வருவாங்க.

— அது என் கையில இல்ல.

— வேற யார் கையில? எழுந்திரிங்க, உங்க வீட்டுக்குப் போவோம். உங்க பொண்ணு முன்னாடி நின்னு, நீ டைரீஸ் இருக்கற இடத்துல ஆடக் கூடாதுன்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் பேசாம வெளிய வந்துடறேன்.

— வீட்டுக்கு வேண்டாம், வெர்டெல்.

— இத்தனை நேரம் டீச்சர். இப்ப வெர்டெலா?

— வேண்டாம்னா விட்டுடேன்.

— அவ முன்னாடி சொல்ல வெக்கமா இருக்கா?

— வெக்கமாத்தான் இருக்கு.

— அப்ப அதைச் சொல்லாதீங்க. போயிட்டு வாம்மா, எல்லாரோடயும் ஆடிட்டு வான்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை, ராய்ஸ். உங்க காலைப் பிடிக்கணும்னாலும் பிடிக்கறேன்.

— அதைத்தானே போன வாரமே அவகிட்ட சொன்னேன், வெர்டெல். நாவல் படிச்சாச்சு, அழுதாச்சு, மார்க்கும் வாங்கியாச்சு, அத்தோட விடுங்கப்பா, நீங்கதான் போகக் கூடாதுன்னுட்டதா மிஸ்கிட்ட சொல்லிட்டு வாங்கன்னு என்னை அனுப்பினதே அவதான்.