நான்காவது காலின் தகடு

என் மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிடுவார். அவருக்குப் பரிமாறுவது எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. எங்களுக்குள் பகை என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிவிடக் கூடாது.

இருவருக்கும் ஒரே காகித ஆலை. நான் ஃபிட்டர். மோட்டாரின் ஷாஃப்டும் அது சுழற்றும் இயந்திரத்தின் ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்கும்படி வைப்பது என் வேலை. கொதிகலனுக்குக் காற்று தள்ளும் பெரிய விசிறியை ஓட்டுகிறவர் அவர். "மாமா கை வச்சா மெஷின் மூச்சு விடற சத்தம்கூட கேக்காது" என்று ஆலையெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிவார்.

அவருக்கு வேறு ஊரில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. போய்ச் சேரவே இரண்டு நாள். என் மகளும் போக வேண்டும். தாயில்லாப் பிள்ளை ஐயா; ஆறு வயதிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டவன் நான். அவள் பெட்டி அடுக்குவதைப் பார்த்து இந்தப் பயணத்தை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவர் ஷிஃப்டில், ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் ஒன்று போனால் கெட்ட பெயர் விழும், புது வேலை கைநழுவும். நான் நினைத்தது அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை பராமரிப்பின்போது, விசிறி மோட்டாரின் நான்காவது காலுக்கு அடியிலிருந்து நகக் கனத் தகடு ஒன்றை உருவிவிட்டு போல்ட்டைப் போட்டேன். அந்தரத்தில் நிற்கும் காலை இறுக்க இறுக்க மோட்டாரின் உடம்பு முறுக்கிக்கொள்ளும், ஷாஃப்ட் கோணிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, ஆலைக்குள் பேசும் போனில் அழைத்தார்.

"மாமா, பேரிங்ல கை வைக்க முடியல. ரொம்ப அதிருது. நிறுத்திடட்டுமா?"

நிறுத்தினால் பேரிங் பிழைத்துவிடும். அவருக்கு நல்ல பெயர் வேறு.

"ஓடட்டும் மாப்பிள்ளை. ஆறியிருக்கறப்ப மோட்டாரைக் கொஞ்சம் தாழ்த்திதான் வச்சிருக்கேன். சூடேறினா உசந்து தன்னால நேராயிடும்."

எல்லா மோட்டாரையும் அப்படித்தான் வைப்போம் என்பது அவருக்கும் தெரியும். "சரி மாமா" என்றார். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதே இல்லை. பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். இருபதாவது நிமிடம், இரண்டு ஷாஃப்டையும் இணைக்கும் இரும்புக் கப்ளிங் சிதறி அவர் மேல் பாய்ந்தது.

உடலை நான்தான் அடையாளம் காட்டினேன். நெஞ்சு வெடிக்க அழுதேன். அந்த அழுகையில் கலப்படம் இல்லை.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அடுக்கிய பெட்டியை இன்னும் திறக்கவில்லை. நேற்று எனக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, அவர் உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நிறுத்தச் சொல்லியிருப்பீங்கல்ல?"

"சொல்லியிருப்பேம்மா" என்றேன்.

நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?