எழுத்தில் கொடுங்கள்

ஆள் குடியிருந்தால்தான் வீடு வீடாக இருக்கும், இன்ஸ்பெக்டர். அதனால்தான் மாடியறையை எப்போதும் வாடகைக்கு விட்டேன். டைப்பிஸ்ட் அம்மா அதில் ஒன்பது வருடம் இருந்தார். தனியாள், நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்காரர், கைப்பிடியில்லாமல் படி இறங்க மாட்டார். ஒப்பந்தம் எதுவும் போடவில்லை, மாதாமாத வாடகைதான்.

என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அறை தேவைப்பட்டது. "அடுத்த மாசம் காலி பண்ணிடுங்கம்மா" என்றேன்.

"வாயால சொன்னா செல்லாது தம்பி. எழுத்துல கொடுங்க."

எழுதி, ஐந்தாம் தேதி கொடுத்தேன். மறுநாளே திருப்பித் தந்துவிட்டார். மாதம் பிறப்பதற்கு முன்பே கொடுத்து, மாதக் கடைசியில்தான் முடிக்க வேண்டுமாம். அடுத்த நோட்டீஸைக் கதவில் ஒட்டினேன். "கையில கொடுக்கணும் தம்பி" என்று, பசை காயாத தாளை என் வருங்கால மருமகள் முன்னால் நீட்டினார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மாடிப்படிக் கைப்பிடியின் மேல்முனையில் இருந்த நான்கு திருகாணிகளையும் தளர்த்தினேன்.

மூன்றாவது நோட்டீஸில் பிசகில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "முப்பதாம் தேதி சாவியக் கொடுத்துடறேன். உங்க பையன் நல்லா இருக்கட்டும்" என்றார். மூட்டை கட்டவும் தொடங்கினார். அப்போதே திருகாணிகளை முடுக்கியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. எனக்கு மனம் வரவில்லை.

இருபதாம் தேதி மேலேயிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, கைப்பிடி லேசா ஆடுது. கொஞ்சம் பாருங்களேன்."

"வாயால சொன்னா செல்லாதும்மா" என்றேன். "எழுத்துல கொடுங்க. கையில கொடுங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய், கால் மணி நேரத்தில் தாளோடு வந்தார். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போலக் கைப்பிடியில் சாய்ந்து முதல் படியில் காலை வைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆம், நான்தான் செய்தேன். ஆனால் அவரே எழுதிய கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டும். தேதி, கையெழுத்து, எல்லாம் முறைப்படி இருக்கிறது. பழுது பார்க்க எனக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். அதில் இன்னும் மூன்று நாள் மீதி இருக்கிறது.