செங்கல்லில் பதிந்த காலடி

முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தைக் கண்ணெனக் காத்தவரே! தாழிகளைத் தூசியிலிருந்தும், குழந்தைகளின் கேள்விகளை எங்களிடமிருந்தும் காப்பாற்றிய காவலரே! அன்புக்குரிய சேக் இஸ்மாயில் அவர்களே! வணக்கமும் ஸலாமும்.

நற்குணங்களை அடுக்கிச் சொல்வது பணி ஓய்வு மடலின் வழக்கம். உங்கள் குணங்கள் ஊரறிந்தவை. ஆகவே ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் சொல்கிறோம். வீட்டில் நீங்கள் அதைச் சொன்னதே இல்லையென்று உங்கள் மகள் நுஸைபா கூறினார். எனவே யாரோ ஒருவரின் கதைபோலவே சொல்லிவிடுகிறோம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை. அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றிலிருந்து நாற்பது பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தலைமையகத்து ஆய்வு அதிகாரியும் அன்றைக்கே வந்திருந்தார். மூன்றாம் கூடத்து வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பலகை: ‘அமைதி காக்கவும்.’ சேக் இஸ்மாயிலுக்கும் அந்தப் பலகைக்கும் ஆகாது. “அம்புட்டு தூரம் வந்த பிள்ளைக வாயப் பொத்திக்கிட்டா போகும்?” என்பார். அதிகாரிக்காக அன்று மட்டும் அவரும் உதட்டில் விரல் வைத்தார்.

பிள்ளைகள் பூனைபோல நடந்து வந்து ஒரு பழைய செங்கல்லின் முன் நின்றுவிட்டார்கள். அதில் நான்கு விரல்களும் ஓர் உள்ளங்காலும் பதிந்திருந்தன. ஈரமண்ணில் ஏதோ ஓர் உயிர் மிதித்துப் போயிருக்கிறது. செங்கல் அறுத்தவர் அதைத் திட்டி விரட்டியும் இருக்கலாம். அந்த ஊரும் போயிற்று, ஆண்ட மன்னர்களும் போயினர். இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த ஓர் எட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நாற்பது பிள்ளைகளும் கண்ணாடிப் பெட்டியில் மூக்கு ஒட்டப் பார்த்தார்கள். கீழே சீட்டில் ‘நாயின் காலடி’ என்றிருந்தது.

“ஏய், இது நாயில்லடீ, பூனை!”

கூடம் அதிர்ந்தது. கத்தியவள் ஆறாம் வகுப்புப் பாண்டீஸ்வரி.

“போடீ, இம்புட்டு வருசமா எழுதி வச்சிருக்காக, இவளுக்குத்தான் தெரியுமாக்கும்!” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“நாய் மிதிச்சா நகம் விழும்டீ. பூனை நகத்த உள்ள இழுத்துக்கிட்டுல்ல நடக்கும்? எங்க செங்கக் களத்துல வந்து பாரு!”

அதிகாரி திரும்பிப் பார்த்தார். சேக் இஸ்மாயிலோ செங்கல்லைக் குனிந்து பார்த்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் தினமும் தாம் துடைத்த கண்ணாடி. அதற்குள் நகத்தடமே இல்லையென்பதை அன்றுதான் கண்டார். நிமிர்ந்து பாண்டீஸ்வரியிடம் சொன்னார்:

“சத்தமாச் சொல்லு தாயி. எல்லாரும் கேக்கட்டும்.”

மறுவாரம் மெமோ வந்தது: கூடத்தில் அமைதி குலைய இடமளித்தது ஏன்? அவருக்கு வரவேண்டிய தலைமைக் காவலர் பதவி அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. “மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாருங்கண்ணே” என்றோம் நாங்கள். அவர் எழுதியது இது: “அந்தப் பிள்ளை சொன்னது தவறென்றால் தண்டனையை ஏற்கிறேன். முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.”

நான்கு மாதம் கழித்துக் கால்நடை மருத்துவர் ஒருவர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சீட்டு மாறியது: ‘பூனையின் காலடி.’ மெமோவும் ரத்தானது. ஆனால் அதற்குள் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. சேக் இஸ்மாயில் பள்ளிக்கு மட்டும் போன் போட்டார். “பாப்பாட்ட சொல்லிருங்க சார், அவ சொன்னதுதான் சரின்னு.”

அண்ணே, அந்த ஒரு வரியை எழுதச் சொன்ன எங்களை மன்னித்துவிடுங்கள். உடல்நலம் குன்றாமல், சத்தம் போடும் பேரப்பிள்ளைகள் சூழ, நெடுங்காலம் வாழுங்கள்!

காப்பாட்சியரின் அனுமதியோடு நேற்று மூன்றாம் கூடத்துப் பலகையைக் கழற்றிவிட்டோம். வெறும் சட்டம் மிஞ்சியது. இந்த மடலுக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்திவிட்டது.

என்றும் அன்புடன்,
அருங்காட்சியக ஊழியர்கள்,
மதுரை.