ஊசிமுனையைக் காட்டிய கண்ணாடிக் குடுவை

அவையை நடத்தும் ஐயா அரங்கநாதன் அவர்களே! அரியலூர்ப் பெரியோர்களே! கீழப்பழுவூரிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் தாய்மார்களே! புஷ்பவல்லியின் பணிவான வணக்கம்.

ஜப்பானில் அணுகுண்டு விழுந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. திருச்சிக் கல்லூரி ஒன்றில் பௌதிக ஆசிரியரான என் கணவர், அணுக்களின் அடுக்கைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். அணு! அச்சொல் கேட்டு நடுங்காத நெஞ்சு அன்று உண்டா? ஊரை உருக்கிய அணுவா என் கணவர் கையில்? ஓடினேன், கல்லூரிக்கே ஓடினேன்.

"ஏங்க, வூட்டுக்கு வாங்க! வெடிச்சிடும்னு ஊரே பேசுது!"

"இது குண்டு இல்ல புஷ்பா, பாக்குற கருவி. வந்து பாரு."

சன்னல் அடைத்த அறை. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குடுவை. உள்ளே மிகக் கூரிய உலோக ஊசி. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஏறியதும் ஊசிமுனையிலிருந்து எலெக்ட்ரான்கள் பாய்ந்து எதிர்த்திரையில் விழுந்தன. பச்சை ஒளி! அதனுள் ஒழுங்கான கருந்திட்டுகள்! முனையின் மேற்பரப்பு, லட்சம் மடங்கு பெருகி என்முன் நின்றது.

என்ன கேட்கிறீர்கள் ஐயா? அணுவைத் தனித்தனியே பார்த்தேனா? இல்லை. அவை அடுக்காக அமைந்த முறையின் சாயலைத்தான் பார்த்தேன். அதற்கே உடல் சிலிர்த்தது.

அப்போது கம்பி ஒன்று நழுவியது. அதைத் திருத்த என் கணவர் கை நீட்டினார். பொறி பறந்தது! கை கம்பியை விடவில்லை, உடல் துடித்தது. எதை அணைப்பது? எந்தச் சுவிட்சு? எனக்குத் தெரியவில்லையே! அலறினேன். அடுத்த அறையிலிருந்த ஆசிரியர் சாமிக்கண்ணு ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். உயிர் தங்கியது. வலக்கை விரல்கள் இன்றும் மடங்குவதில்லை.

உடல் தேறியதும் என் கணவர் மீண்டும் கல்லூரிக்குப் புறப்பட்டார்.

"மறுபடியுமாங்க?"

"எனக்கும் பயந்தான் புஷ்பா. பாதி பாத்துட்டு எப்படி விடுறது?"

அழுதேன். கெஞ்சினேன். அவர் அசையவில்லை. கடைசியில் கேட்டேன்: "அந்தச் சுவிட்சு எதுன்னு காட்டுங்க."

தாய்மார்களே! என் அச்சம் போய்விட்டதா? போகவில்லை! பச்சை ஒளி எழும்போதெல்லாம் என் கண் சுவிட்சைத் தேடி ஓடுகிறது. ஆனால் அன்று என்னை ஆட்டிவைத்தது மின்சாரமா? அணுவா? இல்லை, என் அறியாமை! அஞ்சுங்கள், தாராளமாக அஞ்சுங்கள், அஞ்சிக்கொண்டே அறிந்துகொள்ளுங்கள்! இந்த நூற்றாண்டின் கருவிகளை அணைக்கத் தெரிந்த கைகள் நம் வீடுதோறும் வேண்டும்!

நாளையும் அவர் குடுவைமுன் அமர்வார். கையைச் சுவிட்சின்மேல் வைத்து நான் நிற்பேன். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.