ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம்

இந்த அறையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது, சார். ஜன்னல் உங்கள் இடப்பக்கம் இருப்பதால் முகத்தில் பாதி நிழல். படம் எடுக்கிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான், தப்பாக நினைக்காதீர்கள்.

எனக்கு இரண்டே ஆசைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கால் போன போக்கில் நடப்பேன். சாயங்காலம் எங்கள் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பேன். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டிரம்ஸ் அடிக்கும் பல் டாக்டர், புல்லாங்குழல் ஊதும் கணக்கு வாத்தியார், நான், அப்புறம் என் சகலை. யாராவது கல்யாண நாள் கொண்டாடினால் எங்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுப் பாதியில் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆனாலும் என் இரண்டு ஆசைகளும் ஒன்றையொன்று இடிக்காமல் பல வருஷம் ஓடிவிட்டன.

சகலை தங்கமான மனிதர். பாட்டு, கிட்டார் இரண்டும் அவர்தான். தாளத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் மேடையில் எங்கள் எல்லோரையும் மறைத்துக்கொண்டு முன்னால்தான் நிற்பார். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அதற்கெல்லாம் நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

போன மாதம் ஒத்திகையில் ஒரு யோசனை சொன்னார். "சாயங்காலம்னா எல்லாரும் சோர்ந்து போயிடறோம். இனிமே ஞாயித்துக்கிழமை காலைல வெச்சுக்கலாம். என்ன சகலை, உங்களுக்குச் சரிதானே?"

"தாராளமா," என்றேன்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காலை வெளிச்சம் போனால் போனதுதான். மதிய வெயிலில் எடுத்தால் எல்லாம் வெளுத்துப் போகும். குழுவை விடலாமென்றால் கீபோர்டுக்கு வேறு ஆள் கிடையாது. பல் டாக்டர் பாவம், இடிந்து போய்விடுவார். எல்லாருக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு வழி தேடினேன்.

அடுத்த கச்சேரி போஸ்டருக்குக் கிட்டாரோடு உங்களை ஒரு படம் எடுக்கிறேன் என்று சகலையிடம் சொன்னேன். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கட்டி முடிக்காத ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. அது எனக்குத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதே இடத்தை நான் முந்தின வாரம் எடுத்த படங்களை என் கேமராவில் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதனால் இப்போது சரியாகவே சொல்கிறேன். தெரியும்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க சகலை. கிட்டார் முழுசா வரல."

"இப்ப சரியா?"

"ஒரே ஒரு அடி. என்னையே பாத்துச் சிரிங்க."

சிரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டுப் பின்னால் போனார். எனக்கே அழுகை வந்துவிட்டது, சார். கடைசிப் படம் ஆடாமல் அசையாமல் வந்திருக்கிறது. அவர் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருப்பதும் அதுதான். என் மனைவியின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ சந்தோஷமா இருக்கார் பாருங்க," என்று தேம்பினார். அந்த வாரமே ஒத்திகை பழையபடி சாயங்காலத்துக்கு வந்துவிட்டது.

காலையில் வர முடியாதென்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என்ன சார் இது, சொந்தக்காரர். முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்?