மீன் தொட்டிக்கு டி.ஏ.பி.

ரேணுகா: அதே செடிதான் வேணும்ங்கிறீகளே, பேரு தெரியுமாண்ணே?

செம்மலை: பேரு என்ன பேரு… பச்சையா இருக்கும்.

ரேணுகா: அடேங்கப்பா! தேவகோட்டையில உரக்கடை வச்சிருக்கவுக செடிக்குச் சொல்ற அடையாளத்தப் பாரு. பச்சையா இருக்குமாம்!

செம்மலை: மெதுவாப் பேசு ரேணுகா… வெளிய நிக்கிற ஆளு எங்க பக்கத்து ஆளு மாதிரி தெரியுது.

ரேணுகா: நிக்கட்டுமே. வளர்ப்பு மீன் கடைக்கு வர்றது ஒரு குத்தமா?

செம்மலை: உனக்கென்ன! நெல்லு மஞ்சளாகி நின்னாலும் கத்தரி சுருண்டாலும் சுத்துப்பட்டுல எல்லாரும் என்கிட்டதான் வாராக. ஒரு சாண் செடிக்கு நான் பஸ் ஏறி காரைக்குடிக்கு உன்கிட்ட வந்து நிக்கிறேன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் என்கிட்ட மருந்து கேப்பான்?

ரேணுகா: ஓ, அதான் உள்ள வரும்போது துண்ட மூஞ்சிக்கு எறக்கி விட்டிருந்தீகளா… நான் திருடன்னு நெனச்சு மீன் புடிக்கிற வலையக் கையில எடுத்துட்டேன்.

செம்மலை: கேலி அப்பறம் பண்ணு. இந்தா, போன்ல போட்டோ இருக்கு. இதே மாதிரி நாலு குடு. இந்த அகல எலை ரெண்டு, இந்த நீட்டு எலை ரெண்டு.

ரேணுகா: இது ரோகிணி மதினி தொட்டியில்ல?

செம்மலை: ஆமா. என் பொண்டாட்டி தொட்டிதான்.

ரேணுகா: அதுல இருந்த செடியெல்லாம் என்னாச்சு?

செம்மலை: …இருக்கு.

ரேணுகா: எங்குட்டு?

செம்மலை: குப்பையில.

ரேணுகா: நாலுமா?

செம்மலை: நாலும்.

ரேணுகா: மீனு?

செம்மலை: மீனுக்கென்ன, நல்லாருக்கு. அண்டாவுல.

ரேணுகா: அண்டாவுலயா! பித்தளையா எவர்சில்வரா?

செம்மலை: எவர்சில்வர்தான். உன் மதினி வீட்டுச் சீரு.

ரேணுகா: அப்பாடி! பித்தளையா இருந்தா களிம்புலயே எல்லாம் போய்ச் சேந்துருக்கும். சீர் அண்டாவுல மீனு வளக்குற மாப்பிள்ளைய நான் இப்பத்தான் பாக்குறேன். சரி, செடிய என்ன செஞ்சீக? மறைக்காமச் சொல்லுங்க.

செம்மலை: நான் ஒண்ணும் செய்யல. ரோகிணி டிரெய்னிங்குக்குச் சென்னை போன நாலாம் நாளே ஒரு எலை கண்ணாடி மாதிரி கரைய ஆரம்பிச்சிருச்சு. என்னடான்னு பாத்தா, செடியக் கல்லுல வச்சு நூலச் சுத்திக் கட்டி வச்சிருக்கா. வேரு அந்தரத்துல தொங்குது. பாவம், அவளுக்கென்ன தெரியும்னு நான்தான் அவுத்து மணலுக்குள்ள நட்டேன்.

ரேணுகா: நாத்து நடுற மாதிரி.

செம்மலை: நாத்து நடுற மாதிரியேதான். நல்லா ஆழமா, வெரல் விட்டு அமுக்கி.

ரேணுகா: ஐயோ அண்ணே! அந்தச் செடிக்கு எலையும் வேரும் சேர்ற எடத்துல இஞ்சி மாதிரி ஒரு தண்டு இருக்கும்ல, அது வெளிய தெரியணும். மண்ணுக்குள்ள போனா அழுகிரும். அதுக்குத்தான் கல்லுல கட்டுறது. மதினி செஞ்சதுதான் சரி.

செம்மலை: மண்ணுல நட்டா சாகுற செடி ஒலகத்துல உண்டா?

ரேணுகா: உண்டு. உங்க வீட்டுக் குப்பையில கெடக்கு.

செம்மலை: சரி விடு… அப்பறம் மஞ்சளாச்சு. மஞ்சளானா என்னான்னு நமக்குத் தெரியாதா? தழைச்சத்து கொறச்சல்.

ரேணுகா: அண்ணே… வேணாம்… நீங்க சொல்லப் போறது அது இல்லன்னு சொல்லுங்க.

செம்மலை: கொஞ்சந்தான் ரேணுகா. ஒரு கைப்பிடி.

ரேணுகா: எது?

செம்மலை: டி.ஏ.பி. உரம்.

ரேணுகா: மீன் தொட்டிக்கு டி.ஏ.பி.யா! அது ரெண்டடித் தொட்டிண்ணே, ரெண்டு ஏக்கர் வயலா? மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்திருக்குமே!

செம்மலை: வந்துச்சு. பசின்னு நெனச்சு தீனி போட்டேன்.

ரேணுகா: ஐயோ… இருங்க, இருங்க, கொஞ்சம் சிரிச்சுக்கிறேன்… ம், அப்பறம்?

செம்மலை: தண்ணி பச்சையாப் போச்சு. வெளிச்சம் பத்தல போலருக்குன்னு தொட்டியத் தூக்கி முத்தத்து வெயில்ல வச்சேன். அந்தத் தண்ணி சுத்தம் பண்ற மிசினுக்குள்ள ஒரு பஞ்சு இருக்குல்ல, கன்னங்கரேல்னு அழுக்கு. சோப்பப் போட்டுத் தொவைச்சுக் காயப்போட்டேன்.

ரேணுகா: பாசிக்கு விருந்து வச்சிட்டு, தொட்டிக்கு நல்லது செய்ற கிருமியப் பூராம் சோப்பப் போட்டுக் கொன்னுருக்கீக. அந்தப் பஞ்ச தொட்டித் தண்ணியிலயே ரெண்டு அலசு அலசுனா போதும். லைட்டு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் எரியணும். வாரத்துக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணி மாத்தணும். மத்த நேரம் கையக் கட்டிக்கிட்டு உக்காரணும்.

செம்மலை: கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா எது வெளையும்?

ரேணுகா: அதான்ணே உங்க வியாதி. புதுச்செடி தண்ணிக்குள்ள போனா பழைய எலையெல்லாம் ஒருக்கா கரையத்தான் செய்யும். பதறாம விட்டா புது எலை வரும்.

செம்மலை: புதுச்செடிக்கு நீ சொல்றது சரி. இது மூணு வருசமா ரோகிணி வளத்ததுல்ல! அது ஏன் நாலே நாள்ல கரையணும்?

ரேணுகா: இருங்கண்ணே, இந்தத் தொட்டி மீனுக்குத் தீனி போட்டுக்கிறேன்.

செம்மலை: என்ன, பேச்ச மாத்துற?

ரேணுகா: ஒண்ணுமில்ல. டி.ஏ.பி.ய நெனச்சேன்.

செம்மலை: போன வருசம் கண்டரமாணிக்கத்துக்காரரு ஒருத்தரு, களைக்கொல்லிய உரம்னு நெனச்சு மிளகாய்க்கு அடிச்சிட்டு வந்து நின்னாரு. ஒரு மாசம் என் கடையில அவரு கதைதான். என்னா சிரிப்பு!

ரேணுகா: அப்ப உங்க கதைய நான் ஒரு மாசம் ஓட்டலாம்ல?

செம்மலை: …ஆத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும்.

ரேணுகா: மதினிகிட்ட சொன்னீகளா?

செம்மலை: எனக்கென்ன கிறுக்கா? தெனம் போன்ல கேப்பா, செடி எப்புடி இருக்குன்னு. காடா மண்டிக் கெடக்குன்னுருவேன்.

ரேணுகா: வீடியோவுல காட்டச் சொல்லலயா?

செம்மலை: சொன்னா. தேவகோட்டையில டவரு இல்லன்னுட்டேன்.

ரேணுகா: மூணு மாசமாவா?

செம்மலை: மூணு மாசமா.

ரேணுகா: தேவகோட்டைக்காரக கேட்டா கம்பத் தூக்கிட்டு வருவாக.

செம்மலை: சிரிக்காத ரேணுகா. டிரெய்னிங் முடிஞ்சு நாளைக்குக் காலையில ரயில்ல வந்து எறங்குறா. அவ ஆபீசுல, 'சென்னையிலயே இருந்துக்கிறியாம்மா'ன்னு கேக்குறாகளாம். திங்கக்கெழம கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். போட்டா அம்புட்டுதான். அவ அங்குட்டு, நான் இங்குட்டு.

ரேணுகா: அதுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?

செம்மலை: போகும்போது சண்ட. 'இந்த நாலு செடிய உசுரோட வச்சிருந்தா நான் திரும்பி வாரேன், இல்லாட்டி அங்கயே இருந்துக்கிறேன்'னுட்டுப் போனா.

ரேணுகா: எதுக்குச் சண்ட?

செம்மலை: ஒண்ணுமில்ல… சொந்தக்காரக வந்திருந்தாக. அவ வச்ச ரசத்தப் பத்தி தமாசா ஒண்ணு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாக.

ரேணுகா: மதினி?

செம்மலை: அடுப்படிக்குள்ள போயிட்டா.

ரேணுகா: ம்ம்.

செம்மலை: அவ இல்லாம வீட்டுல இருக்கவே முடியல ரேணுகா. சோறு எறங்க மாட்டேங்குது. செடியக் குடு, நான் கெளம்புறேன். பொத்திப் பொத்தி வளத்தேன்னு சொல்லிக்கிறேன்.

ரேணுகா: செடி இல்ல.

செம்மலை: அந்தா கண்ணாடிக்குள்ள கெடக்கு!

ரேணுகா: அது உங்களுக்கு விக்கிறதுக்கு இல்ல. மதினிக்குப் போனப் போட்டு, செத்துப்போச்சுன்னு சொல்லுங்க. சொல்லிட்டா நாலு என்ன, எட்டாவே தாரேன்.

செம்மலை: குடும்பத்தக் கெடுக்கணும்னே கடை தொறந்து வச்சிருக்கியா நீ?

ரேணுகா: வேற கடைக்கு வேணும்னா போங்க. போனா நல்லா இருக்காதுண்ணே. அம்புட்டுத்தான் சொல்லுவேன்.

செம்மலை: என்ன, பேச்சு ஒரு தினுசா இருக்கு… உனக்கு என்னமோ தெரியும்.

ரேணுகா: எனக்குத் தெரிஞ்சது மீனும் செடியுந்தான். போடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. நடுவுல கதை விட்டீகன்னா நான் இருக்கேன்.

செம்மலை: …அலோ, ரோகிணி?

ரோகிணி: சொல்லுங்க. என்ன இந்நேரத்துல, கடைக்குப் போகலயா?

செம்மலை: காரைக்குடியில நிக்கிறேன். ரேணுகா கடையில.

ரோகிணி: …அங்க உங்களுக்கு என்ன வேலை?

செம்மலை: சும்மாதான்… இந்தப் பக்கம் ஒரு சோலி… அப்புடியே மீனுக்குத் தீனி…

ரேணுகா: அண்ணே!

செம்மலை: ரோகிணி, செடி செத்துப்போச்சு. நாலும். ரெண்டாவது வாரமே போச்சு. காடா கெடக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யி. டவரும் நல்லாத்தான் இருக்கு. டி.ஏ.பி.யப் போட்டு நான்தான் கெடுத்தேன். எனக்கு… எனக்கு அது வளக்கத் தெரியலடி. அதுக்காக அங்கயே இருந்துராத.

ரோகிணி: நாலுமா?

செம்மலை: மூணு வருசமா நீ வளத்தத…

ரோகிணி: அது மூணு வருசச் செடி இல்லங்க.

செம்மலை: என்னது?

ரோகிணி: ஊருக்குக் கெளம்புறதுக்கு மொத நாளு ரேணுகாகிட்ட வாங்கிக் கட்டுனது. அதுக்கு முந்தினது அழுகிப்போச்சு. அதுக்கும் முந்தினதுந்தான்.

ரேணுகா: மாசத்துக்கு ஒருக்கா வந்துருவாகண்ணே. வேரு புடிச்சிருச்சான்னு புடுங்கிப் புடுங்கிப் பாத்தே கொன்னவுக.

செம்மலை: அடப்பாவிகளா! கூட்டுக் களவாணித்தனமா! ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல ரோகிணி?

ரோகிணி: சொன்னா? கல்யாணமான புதுசுல நான் வச்ச கருவேப்பிலக் கன்னு பட்டுப்போனத, இன்னும் கடைக்கு வாரவுககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீக. அதான் செத்ததெல்லாம் உங்க கண்ணுல படுறதுக்கு முன்னாடி மாத்தி மாத்தி வச்சேன். புதுச்செடி நிக்காதுன்னு தெரிஞ்சுதாங்க உங்ககிட்ட விட்டுட்டு வந்தேன். 'எனக்குத் தெரியல'ன்னு ஒரு தடவையாச்சும் உங்க வாயில வருதான்னு மூணு மாசமா தெனம் கேட்டேன். நாளைக்கு வந்து தொட்டி பச்சப்பசேல்னு இருக்குறதப் பாத்திருந்தேன்னா, திங்கக்கெழம கையெழுத்துப் போட்டுட்டு இங்கயே இருந்திருப்பேங்க.