நீலம் எடுத்த கை

— ...தள்ளி உக்காருங்க அண்ணி, மூச்சுப் பட்டு நெபுலா கலைஞ்சுடப் போகுது, வானத்து மேகமாச்சே.

— கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது எப்படிக் கலையும்? காட்டுப்பா.

— அண்ணன் தொலைநோக்கில சிவப்புக் கண்ணாடி போட்டு எடுத்த படங்களை அடுக்கி முடிச்சாச்சு. தனித்தனியா பாத்தா எல்லாம் வெறும் இருட்டு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்க அடுக்க...

— அம்மாடி! தணல் மாதிரி இருக்கே!

— அண்ணன் கையாச்சே. ஒரு நட்சத்திரம்கூட இழுபடல. இப்ப நீலக் கண்ணாடிப் படங்களைச் சேர்க்கறேன்... அடடா!

— என்னாச்சு, கெட்டுப்போச்சா?

— கெடறதாவது! இந்த ஓரத்தைப் பாருங்க, புகை மாதிரி மெல்லிசா... இவ்வளவு மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்க எவ்வளவு பொறுமை வேணும்! இது இல்லாட்டி படமே இல்ல.

— நெசமாவா? சும்மா சொல்லாத.

— சத்தியமா.

— அவர் இருந்து பாத்திருக்கணும்...

— ம்... கண்காட்சிக்கு இன்னிக்கு அனுப்பணும். கீழ யார் பேரைப் போட?

— இதென்ன கேள்வி? உங்க அண்ணன் பேரு.

— அது மட்டுமா?

— பின்ன, உன் பேருமா? பட்டன் தட்டினதுக்கே பேர் கேக்குதா?

— அண்ணி... அடுக்கறதுக்கு முன்னாடி நீலப் படமெல்லாம் தலைகீழா இருந்துச்சு.

— அதனாலென்ன?

— அண்ணன் கேமராவை மாட்டினா பட்டன் பக்கம் எப்பவும் மேல இருக்கும். இது யாரோ திருப்பி மாட்டினது.

— அடுக்கும்போது அதுவே நேராக்கிக்கும்னாரே...

— நேராக்கிடுச்சு. எடுத்தது யாருன்னுதான் கேக்கறேன்.

— ...நான்தான். அவரால மாடிப்படி ஏற முடியல. படுத்துக்கிட்டே போன்ல சொல்லுவாரு, நான் மேல நின்னு செய்வேன். "மெதுவா திருகுடி, அது தொலைநோக்கி, தண்ணிக் குழாய் இல்ல"ன்னு ஒரே திட்டு.

— எங்ககிட்ட ஏன் மறைச்சீங்க?

— உங்களுக்குப் படம் வந்தா, "பெரியவன் மாடி ஏறிட்டான், இனி தேறிடுவான்"னு உங்கம்மா அன்னிக்காவது தூங்குவாங்க. அதைக் கெடுக்கச் சொல்றியா? அவர் பேரே இருக்கட்டும். கடைசி வரைக்கும் அவரே எடுத்ததா இருக்கட்டும்ப்பா.

— முடியாது அண்ணி.

— ஏன் முடியாது?

— முதல் நீலம் வந்த அன்னிக்கே அண்ணன் எனக்குத் தனியா போன் பண்ணிட்டான். "எடுத்தது உங்கண்ணி. என்னைவிட நல்லா எடுக்கறா. உனக்குத் தெரியும்னு காட்டிக்காத. பாராட்டி எனக்கு எழுது, நான் அவளுக்குப் படிச்சுக் காட்டறேன்"னான். பிரமாதம் பிரமாதம்னு நான் எழுதினது ஒண்ணுகூட அவனுக்கு இல்ல அண்ணி.